ஒரு இலகுவான யந்திரமும் சில கேள்விக்குறிகளும்

1

இசை பற்றி நம் பத்திரிகைகளில் எழுதப்படுவது குறைவு. எழுதப்படும்போதும் பாடகரின் குரல், சாஹித்யத்தின் தரம், சபாக்களின் வியாபாரம் என்ற மூன்றில் ஒன்றோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பாட்டு நம் காதுக்கு எந்த வழியாக வந்து சேருகிறது, வரும் வழியில் அதற்கு என்ன நேர்கிறது என்பது யாருடைய அக்கறையாகவும் இல்லை. அச்சு வந்த பிறகு கவிதை காதை விட்டுக் கண்ணுக்குப் போனது பற்றி நமக்குள் எவ்வளவோ சர்ச்சை நடந்திருக்கிறது. பாட்டை ஓட்டும் யந்திரம் பாட்டை என்ன செய்கிறது என்று கேட்டால் மட்டும், அது ரிச்சி தெருக் கடைக்காரர்கள் சமாசாரம் என்று நகர்ந்துவிடுகிறோம். அப்படி நகர்ந்துவிட முடியாது என்று தோன்றுவதால் இந்தக் கட்டுரை.

நான் எடுத்துக்கொள்வது ஃபூபார்2000 என்ற ஒரு சிறிய மென்பொருளை. கம்ப்யூட்டரில் நாம் சேர்த்து வைத்திருக்கும் பாட்டுக் கோப்புகளைப் போட்டுக் கேட்பதற்கான பிளேயர். பீட்டர் பாவ்லோவ்ஸ்கி என்ற போலந்துக்காரர் எழுதி 2002 டிசம்பரில் வெளியிட்டது. காசு கிடையாது. அதற்கு முன் அவர் வின்ஆம்ப் என்ற பிளேயருக்காக வேலை செய்தவர். வின்ஆம்ப் வந்தது 1997-இல். அதைச் செய்த கம்பெனியை ஏ.ஓ.எல். என்ற பெரிய ஸ்தாபனம் 1999-இல் விலைக்கு வாங்கிற்று. வின்ஆம்பின் முகம் உலோகப் பெட்டி ஸ்டீரியோ செட்டைப் பார்த்து வரைந்தது. பொத்தான்கள், பச்சை எழுத்துகள், துள்ளும் கோடுகள். பிடிக்காவிட்டால் அந்த முகத்தைக் கழற்றி வேறொன்று மாட்டிக்கொள்ளலாம். ஃபூபாருக்கு முகம் என்று ஒன்றும் இல்லை. ஒரு பட்டியல், அதற்கு மேலே நாலைந்து பொத்தான். திறந்தவுடன் எங்கள் பாங்கில் முன்பு இருந்த பேரேட்டுப் பக்கம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

பெயரும் அப்படித்தான். ஃபூ, பார் என்பவை புரோகிராம் எழுதுகிறவர்கள் உதாரணம் காட்டும்போது போட்டுக்கொள்ளும் வெற்றுச் சொற்கள். பத்திர மாதிரிப் படிவத்தில் 'இன்னார் மகன் இன்னார்' என்று எழுதியிருக்குமே, அந்த ஜாதி. தமிழில் 'இன்னார்2000' என்று சொல்லலாம். இந்தப் பெயரின் பொருத்தம் பின்னால் தெரியவரும்.

இதைத் தேடிப் போனது லட்சியத்தால் அல்ல, லேப்டாப்பின் வயதால். மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2011-இல் தொடங்கியது. அடுத்த வருஷம் என் தம்பிக்குக் கிடைத்த யந்திரம் இப்போது என்னிடம் இருக்கிறது. நினைவகம் இரண்டே ஜி.பி. ஸ்ட்ரீமிங் செயலி எதையாவது அதில் திறந்தால் உள்ளே இருக்கும் விசிறி காசிமேட்டு விசைப்படகுபோல இரைய ஆரம்பிக்கும். பாட்டு ஒரு வரி வந்து நிற்கும். ஃபூபாரின் மொத்தக் கனமே சில எம்.பி.தான். விசிறி சும்மா இருக்கிறது, பாட்டு ஓடுகிறது. மூன்று மாதமாக மாலையில் பாங்கிலிருந்து திருவொற்றியூர் திரும்பியதும் அதில்தான் கேட்டு வருகிறேன்.

2

இலகுவாக இருப்பது ஒரு குணமா, வெறும் அளவா? நம் வட்டத்துக்கு இந்தக் கேள்வியில் ஒரு சபலம் உண்டு. நாமே முன்னூறு பிரதிக்காரர்கள். சிறியது எதுவும் நேர்மையானது, பெரியது எதுவும் விலைபோனது என்று நினைத்துக்கொள்வது நமக்குச் சௌகரியம். ஆகவே சின்னப் பிளேயரைச் சிறுபத்திரிகைக்கும் ஸ்ட்ரீமிங் செயலியை வார இதழுக்கும் ஒப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடலாம். இந்த ஒப்புமை முழுப் பொய்யில்லை. ஆனால் சோம்பேறித்தனமானது.

துறைமுகத்தில் வேலை செய்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். கப்பலில் பாரம் குறைந்தால் அது மறைந்து போய்விடவில்லை. இன்னொருவர் தலைக்கு வந்திருக்கிறது. ஸ்ட்ரீமிங் செயலி ஏன் கனக்கிறது? அதற்குள் ஒரு கடை இருக்கிறது, கணக்குப்பிள்ளை இருக்கிறார், அடுத்து உனக்கு எது பிடிக்கும் என்று சொல்லும் ஜோசியரும் இருக்கிறார். பாட்டைத் தேடுவது, பெயர் வைப்பது, வரிசைப்படுத்துவது, எது முடிந்ததும் எது வரவேண்டும் என்று முடிவு செய்வது எல்லாவற்றையும் அது தானே சுமக்கிறது. சுமப்பதற்குக் கூலியாக நம் ரசனையை வாங்கிக்கொள்கிறது. ஃபூபார் இந்த வேலை எதையும் செய்வதில்லை. அது இலகுவாக இருப்பதன் ரகசியம் இவ்வளவுதான்: சுமையைக் கேட்பவன் தலையில் இறக்கி வைத்துவிட்டது. போட்ட பாட்டைப் பாடும். முடிந்தால் நின்றுவிடும். அந்த மௌனத்தில், அடுத்தது என்ன என்று நாம்தான் யோசிக்க வேண்டும்.

ஸ்ட்ரீமிங்கை இழித்துப் பேசுவது என் நோக்கமில்லை. எந்தச் சபாவும் எந்த ரிகார்டு கம்பெனியும் ஏறெடுத்துப் பார்க்காத வடசென்னைப் பையன்கள் தங்கள் கானாவைத் தாங்களே பதிவு செய்து தாங்களே வெளியிட வழி செய்தது அந்தப் பெரிய யந்திரங்கள்தாம். கானா பாடகர் ஒருவர் தன் பெயரோடு ஊரெல்லாம் தெரிய வர, முன்பு சினிமா தேவைப்பட்டது. 2006-இல் 'சித்திரம் பேசுதடி' படத்தில் கானா உலகநாதன் திரையில் தோன்றிப் பாடிய பிறகுதான் பலருக்கு அப்படி ஒரு பெயர் இருப்பதே தெரிந்தது. இன்று அந்தத் தயவு கட்டாயமில்லை. இதை மறைத்துவிட்டுச் சிறியதன் பெருமை பேசினால் அது விமர்சனமாகாது.

கோப்பின் இலகுவும் சும்மா வந்ததில்லை. சி.டி.யில் ஒரு நொடி இசைக்கு ஏறக்குறைய 1,411 கிலோபிட் செலவாகிறது. 128 கிலோபிட் எம்.பி.3 கோப்பில் அது பதினோரில் ஒரு பங்காகிவிடுகிறது. மீதிப் பத்துப் பங்கு எங்கே? ஒரு பலத்த சப்தம் ஒலிக்கும்போது அருகே உள்ள மெல்லிய சப்தம் மனிதக் காதில் விழாது என்ற கணக்கை வைத்துக்கொண்டு, விழாது என்று கருதியதை எல்லாம் கிள்ளி எறிந்துவிடுகிறார்கள். இந்தக் கணக்கைச் சரிபார்க்க ஜெர்மனியில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்ட பாட்டுகளில் ஒன்று, சூசன் வேகா என்ற அமெரிக்கப் பாடகி துணை வாத்தியமில்லாமல் பாடியது. அமைதியான அறையில் ஒரு தனிக்குரல். சாவு வீட்டுப் பந்தலில் முப்பது பேர் மூச்சுக்கும் சட்டித் தாளத்துக்கும் நடுவே எழும் குரலை எந்தப் பரிசோதனைச் சாலையும் மனதில் வைத்திருந்திராது. எது முக்கியமில்லை என்று யாரோ எங்கோ முடிவு செய்துவிட்ட பிறகுதான் எந்த இலகுவும் நமக்குக் கிடைக்கிறது.

3

ஒவ்வொரு எம்.பி.3 கோப்பின் உள்ளும் ஒரு சீட்டு இருக்கிறது. டேக் என்பார்கள். பாட்டின் பெயர், பாடியவர், ஆல்பம், வருஷம், இசை வகை எல்லாம் அதில் இருக்கும். பிளேயர் அதைப் படித்துத்தான் பட்டியல் போடுகிறது. எரிக் கெம்ப் என்பவர் 1996-இல் செய்த முதல் சீட்டின் மொத்த அளவு 128 பைட். பாட்டுக்கு 30, கலைஞருக்கு 30, ஆல்பத்துக்கு 30, வருஷத்துக்கு 4, குறிப்புக்கு 30. மூன்று பைட் சீட்டின் அடையாளத்துக்கு. மிஞ்சிய ஒரே ஒரு பைட் இசை வகைக்கு.

அந்த ஒரு பைட்டில் எழுத இடமில்லை, எண் போடத்தான் முடியும். ஆகவே முதலில் 80 வகைகள் கொண்ட பட்டியல் ஒன்று போட்டார்கள். புளூஸ் இருந்தது, பலவித ராக் இருந்தது, போல்கா என்ற ஐரோப்பிய நடனத்துக்குத் தனி எண் இருந்தது. கர்நாடக சங்கீதம் இல்லை, கானா இல்லை. அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆச்சரியம் வேறு: நாட்டார் இசை என்ற வகையே அந்த 80-இல் இல்லை. வின்ஆம்ப்காரர்கள் பின்னால் பட்டியலை நீட்டியபோதுதான் அது 81-ஆவதாக வந்து சேர்ந்தது. அதுவரை உலகத்து ஜனங்கள் பாடியதெல்லாம் 'எத்னிக்' என்ற ஒற்றைக் கொட்டடிக்குள் அடைபட வேண்டியிருந்தது.

முப்பது பைட் என்பது எவ்வளவு தமிழ்? இன்று புழங்கும் யூ.டி.எஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனிக் கணக்கு. 'எண்ணூர்' 21 பைட். 'ராயபுரம்' 24. இரண்டும் கட்டத்துக்குள் அடங்கும். 'திருவொற்றியூர்' 42 பைட். அடங்காது. என் ஊரின் பெயர் அந்தச் சீட்டில் பாதியில் அறுந்து தொங்கும். பின்னால் வந்த சீட்டுகளில் நீளக் கட்டுப்பாடு போய்விட்டது, யூனிகோடு எழுத்தும் வந்துவிட்டது. ஆனால் கட்டங்களின் பெயர்கள் அப்படியே நின்றன: கலைஞர், ஆல்பம், வகை.

இவை அமெரிக்க ரிகார்டுக் கடையின் அலமாரித் தட்டுகள். ஒரு பாடகர் அல்லது ஒரு குழு, அவர்கள் போட்ட தட்டு, அதில் பத்துப் பாட்டு. நம் சினிமாப் பாட்டுக்கே இது பொருந்தாது. கலைஞர் என்ற கட்டத்தில் பாடியவரை எழுதுவதா, இசையமைப்பாளரையா, எழுதிய கவிஞரையா? இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசை என்று ஒரு மூச்சில் சொல்லிவிடுவார்கள். கேட்டவர்கள் அந்த வரிசையிலேயே பாட்டை மனதில் பதிய வைத்துக்கொண்டார்கள். கச்சேரியானால் ராகம், தாளம், இயற்றியவர், பக்கவாத்தியம். இவையெல்லாம் நாமே உண்டாக்கிக்கொண்ட கட்டங்கள். ஒரு சமூகம் தன் பாட்டைப் பற்றி முதலில் என்ன கேட்கிறது என்பது அதன் கட்டங்களில் தெரியும்.

கானாவைப் பற்றி நாம் முதலில் கேட்பது என்ன? எதுவும் இல்லை. அதுதான் விஷயம்.

4

1996-இல் என் மாமா இறந்துபோனார். துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை பார்த்தவர். தண்டையார்பேட்டையில் சாவு வீட்டு வாசலில் பந்தல் போட்டு இரவெல்லாம் கானா பாடினார்கள். அவருடைய சிநேகிதர் ஒருவர் டேப் ரிகார்டரில் அதைப் பதிவு செய்திருந்தார். மூன்று கேசட்டுகள்; பக்கத்துக்கு 45 நிமிஷமாக ஆறு பக்கம், மொத்தம் 270 நிமிஷம். சில வருஷங்களுக்கு முன் ஒரு கடையில் கொடுத்து எம்.பி.3 ஆக்கிக்கொண்டேன். 38 பாட்டாக வெட்டிக் கொடுத்தார்கள். எல்லாம் சேர்ந்து சுமார் 260 எம்.பி. ஒரு மனிதன் இறந்த இரவின் எடை அது.

மற்ற பிளேயர்களில் இதைப் போட்டால், சீட்டு காலியாக இருப்பதைக் கண்டு அவையே ஒரு பெயரை எழுதிவிடும்: 'அன்னோன் ஆர்ட்டிஸ்ட்'. அறியப்படாத கலைஞர். 38 வரிசையிலும் அதே பெயர். பார்க்கப் பார்க்க அது ஒரு ஆளின் பெயர்போலவே ஆகிவிடுகிறது; இந்தியாவின் மிகப் பெரிய பாடகர் அவர்தான் என்று சொல்லிவிடலாம். ஃபூபார் அப்படி எழுதுவதில்லை. கட்டம் காலியாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போடுகிறது. 38 வரிசையில் 38 கேள்விக்குறி.

எழுதியவர் இதை எந்தத் தத்துவத்தோடும் செய்திருக்கமாட்டார். ஆனால் வித்தியாசம் பெரிது. 'அறியப்படாதவர்' என்பது முடிந்துபோன வாக்கியம். யாருக்கு அறியப்படாதவர் என்று அது சொல்வதில்லை. பந்தலில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் அவர்களைத் தெரியும். பெயர் சொல்லி அழைத்து டீ கொடுத்தார்கள். அறியாதது நாம். நம் அறியாமையை அவர்கள் மேல் ஒரு குணமாக ஒட்டிவிடுகிறது அந்தச் சொல். கேள்விக்குறி பழியை இடம் மாற்றுகிறது. போய்க் கேள் என்கிறது.

போய்க் கேட்டேன். அந்த இரவில் மூன்று குரல்கள் மாறி மாறி வருகின்றன. இரண்டு யாருடையவை என்று தெரிந்தது. ஒருவர் இப்போது இல்லை. இன்னொருவர் வயதாகிக் காசிமேட்டில் மகள் வீட்டில் இருக்கிறார். லேப்டாப்பை எதிரே வைத்து ஒரு பாட்டைப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு பாதிவரை கேட்டார். எந்தப் பெயரில் எழுதிக்கொள்ளட்டும் என்று கேட்டதற்கு அவர் சொன்னது:

"ஏன் பேரு இன்னாத்துக்கு தம்பி? அன்னிக்குப் பாட்டு ஒங்க மாமாது. அவர் பேர எழுதிக்கோ."

இதைவிடக் கறாரான இலக்கியக் கொள்கை எதையும் சமீபத்தில் நான் படிக்கவில்லை. மரண கானாவில் இறந்தவன் கருப்பொருள் மட்டுமில்லை, பாட்டின் சொந்தக்காரனும் அவன்தான் என்கிறார். அவனுடைய பெயர், தெரு, வேலை, பழக்கம் எல்லாவற்றையும் பாட்டுக்குள் எடுத்துக்கொண்டுதான் பாடகர் நகர்கிறார். வேறொரு வீட்டில் அதே மெட்டு வேறொருவனுக்குச் சொந்தமாகும். ஆசிரியன் எங்கே இருக்கிறான் என்று பிரெஞ்சுக்காரர்களைப் படித்துவிட்டு நாம் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறோம். காசிமேட்டில் அது தீர்மானிக்கப்பட்டுவிட்ட விஷயம்.

ஆனால் நான் அவர் சொன்னபடி செய்யவில்லை. ஃபூபாரில் நாமே புதிய கட்டங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். 'யாருக்கு' என்று ஒரு கட்டம் உண்டாக்கி மாமாவின் பெயரை எழுதினேன். பாடியவர் கட்டத்தில் அவர் பெயரையும் எழுதினேன். பெரியவரின் அடக்கம் அவருக்கு உரியது. அதைச் சாக்காக வைத்துப் பெயரை விட்டுவிடும் உரிமை எனக்கு இல்லை. ஜனங்களின் கலைக்கு ஆசிரியன் கிடையாது, அது கூட்டு மனத்தின் வெளிப்பாடு என்றெல்லாம் நாம் எழுதுகிறோமே, அந்தப் பெருந்தன்மையில் எப்போதும் அழிந்துபோவது ஒரு பக்கத்துப் பெயர்கள் மட்டும்தான். கீர்த்தனையின் கடைசியில் முத்திரை வைத்தவனின் பெயரை எந்தக் கூட்டு மனமும் கரைத்துவிட்டதில்லை.

5

ஃபூபாரில் இன்னொரு வசதி. வெவ்வேறு கோப்புகள் வெவ்வேறு உரப்பில் இருக்குமல்லவா. ஒன்று காதைக் கிழிக்கும், அடுத்தது கேட்கவே கேட்காது. இதைச் சமப்படுத்த டேவிட் ராபின்சன் என்பவர் 2001-இல் ரீப்ளே கெயின் என்ற முறையை முன்வைத்தார். பாட்டைத் தொடாமல், அது காதுக்கு எவ்வளவு உரப்பாகப் படும் என்று அளந்து அந்த அளவை மட்டும் சீட்டில் எழுதி வைப்பது. போடும்போது பிளேயர் அதைப் பார்த்து ஏற்றி இறக்கிக்கொள்ளும்.

இதில் இரண்டு வழி உண்டு. ஒவ்வொரு பாட்டையும் தனியாக அளந்து எல்லாவற்றையும் ஒரே உரப்புக்குக் கொண்டுவருவது ஒன்று. ஒரு தொகுதி முழுவதையும் ஒன்றாக அளந்து, தொகுதிக்குள் பாட்டுக்குப் பாட்டு உள்ள ஏற்றத்தாழ்வை அப்படியே விட்டுவிடுவது மற்றொன்று. இரண்டையும் அந்த 38 பாட்டிலும் போட்டுப் பார்த்தேன்.

முதல் வழியில் எல்லாப் பாட்டும் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் இரவு போய்விடுகிறது. முன்னிரவில் பிணத்துக்கு மரியாதையாக, கிட்டத்தட்ட வாய்க்குள்ளேயே தொடங்கும் குரலும், நடு இரவில் குடியும் துக்கமும் சேர்ந்து பந்தலே அதிரும் குரலும், விடியும் நேரத்தில் தொண்டை கட்டிக் காற்றாகிவிட்ட குரலும் ஒரே மட்டத்துக்கு வந்து நிற்கின்றன. 38 நல்ல பாட்டு கிடைக்கிறது, அவ்வளவுதான். இரண்டாவது வழியில் முதல் பாட்டுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. சில வார்த்தை விழாமலும் போகிறது. ஆனால் இரவு திரும்பி வருகிறது.

கானாவைத் தொகுதிகளில் சேர்க்கும்போதும், பல்கலைக்கழகக் கருத்தரங்கில் ஒலிநாடாவாகப் போட்டுக் காட்டும்போதும், மேடையில் பத்து நிமிஷம் ஒதுக்கிப் பாடச் சொல்லும்போதும் நாம் செய்வது முதல் வழியைத்தான். ஒவ்வொரு பாட்டையும் கேட்கத் தகுந்ததாக்கி விடுகிறோம். பாட்டுகளுக்கு நடுவே இருந்த உறவை இழந்துவிடுகிறோம். ஒன்றுக்கொன்று உள்ள உயரத்தை அழித்துவிட்டுக் கொடுக்கும் சமத்துவம் சந்தேகத்துக்குரியது.

கோப்புக்கும் கோப்புக்கும் நடுவே இடைவெளி விழாமல் ஓட்டுவதிலும் ஃபூபார் கெட்டிக்காரன். எம்.பி.3 ஆக்கும்போது கோப்பின் முன்னும் பின்னும் ஒட்டிக்கொள்ளும் துண்டு மௌனத்தை, அதன் அளவு கோப்பில் குறித்திருக்குமானால், கவனமாக விலக்கிவிடுகிறது. கடைக்காரர் வெட்டிய வெட்டெல்லாம் மறைந்து பாட்டு பாட்டோடு சேர்ந்துவிடுகிறது. ஆனால் ஆறு பக்கங்களுக்கு நடுவே ஐந்து இடத்தில் அது சேராது. ஒரு வரி பாதியில் நிற்கிறது. அடுத்தது வேறெங்கோ தொடங்குகிறது. யாரோ இருட்டில் கேசட்டைத் திருப்பிப் போட்ட நேரம் அது. அந்த நேரத்தில் பாடியது எந்தக் கோப்பிலும் இல்லை.

6

எனக்கு நானே சேர்த்துக்கொண்ட இன்னொரு கட்டம் 'ஊர்'. என்னிடம் உள்ள பாட்டையெல்லாம் பாடகர் பெயரில் அல்லாமல் ஊர் பெயரில் அடுக்கச் சொன்னேன். பட்டியல் மாறிற்று.

திருவொற்றியூரின் கீழே தியாகராஜர் வந்தார். இங்கே கோயில் கொண்ட திரிபுரசுந்தரி மேல் அவர் இயற்றிய ஐந்து கீர்த்தனைகள் இசைக்காரர்களுக்குத் தெரியும். என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம்தான் அந்தச் சந்நிதி. தீட்சிதரும் அவளைப் பாடியிருக்கிறார். தியாகராஜரின் சீடர் வீணை குப்பய்யரும் அவர் மகன் திருவொற்றியூர் தியாகய்யரும் வந்தார்கள். சில வரி கீழே தண்டையார்பேட்டையில் அந்த 38 பாட்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்தப் பக்கம் வாழ்ந்து அடங்கிய குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்கள் ராயபுரத்தின் கீழே. எண்ணூரின் கீழே, 2017 ஜனவரியில் வந்த சென்னைப் பொறம்போக்குப் பாடல்.

பாடகர் பெயரில் அடுக்கியிருந்தால் இவை ஒன்றையொன்று பார்த்தே இராது. கீர்த்தனைகள் மயிலாப்பூர் வித்வான்களின் பெயருக்குக் கீழே போயிருக்கும். கானா கேள்விக்குறிக்குக் கீழே. ஒரு கட்டத்தை மாற்றியதும், யாரும் எழுதாத ஒரு வடசென்னை இசை சரித்திரத்தின் பொருளடக்கம் மாதிரி ஒன்று திரையில் வந்து நிற்கிறது.

இங்கே ஜாக்கிரதை தேவை. பக்கத்துப் பக்கத்து வரியில் இருப்பதால் இவை உறவுக்காரர்கள் ஆகிவிடமாட்டா. கோயில் வீதிக்கும் குப்பத்துக்கும் நடுவே உள்ள தூரத்தை ஒரு பட்டியல் அழித்துவிடாது; அழித்துவிட்டதாக நினைப்பது நல்லெண்ணக்காரர்களின் வழக்கமான போதை. பொறம்போக்குப் பாடலையே எடுத்துக்கொள்ளலாம். கபேர் வாசுகி எழுதியது, ஆர்.கே. ஸ்ரீராம்குமார் ராகமாலிகையாக அமைத்தது, டி.எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகப் பக்கத்தில், சாம்பலுக்கும் புகைபோக்கிகளுக்கும் எதிரே நின்று பாடியது. வசவாகிவிட்ட ஒரு சொல்லை, ஊருக்குப் பொதுவான நிலம் என்ற அதன் பழைய அர்த்தத்துக்கு மீட்க முயன்ற பாட்டு. சென்னைத் தமிழ் கர்நாடக ராகங்களுக்குள் கூச்சமில்லாமல் நடந்து போகிறது; சொல் எங்கும் பணிந்து நிற்கவில்லை. இது சிறிய சாதனையல்ல. ஆனால் குரல் இன்னும் சபையின் குரல்தான். கமகத்தின் மெருகு, மூச்சை நிர்வகிக்கும் விதம், எல்லாம் அங்கே பயின்றவை. மொழி இந்தக் கரைக்கு வந்துவிட்டது, குரல் பாதி வழியில் நிற்கிறது. இந்தத் தூரத்தை அந்தப் பாட்டு மறைக்கவில்லை என்பதே அதன் நேர்மை. அதற்கடுத்து தண்டையார்பேட்டைக் கேசட்டைப் போட்டுக் கேட்டால் எவ்வளவு தூரம் என்பது துல்லியமாகத் தெரிகிறது. ஊர் என்ற கட்டத்தால் எனக்குக் கிடைத்த பலன் இதுதான். ஒற்றுமையைக் காட்டாமல் தூரத்தை அளக்கக் கொடுத்தது.

7

ஒரு வகைக்குப் பெயர் வைப்பதும் அந்தப் பெயருக்காகச் சண்டை போடுவதும் விமர்சனத்தின் வேலை. 1959-இல் 'எழுத்து' தொடங்கியபோது யாப்பை விட்ட கவிதைக்கு அலமாரியில் தட்டு இல்லை. சி.சு. செல்லப்பா அந்த மாதிரிக் கவிதைகளை விடாமல் போட்டார். ஒவ்வொன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு வரிவரியாக விவாதித்தார்கள். 1962-இல் 'புதுக்குரல்கள்' தொகுப்பு வந்தது. புதுக்கவிதை என்ற பெயர் நிலைத்தது அப்படி உழைத்ததால். கானாவுக்கு அந்த உழைப்பை நாம் செய்யவில்லை. 'நாட்டார் கலை', 'விளிம்பு', 'எளிய மக்களின் இசை' என்று கையில் கிடைத்த எண்ணைப் போட்டு மூடிவிட்டோம். நம்மிடமும் இருப்பது ஒரே ஒரு பைட்தான்.

ஒரு கானாப் பாடகரின் ஒரு பாட்டை எடுத்து, அதன் மெட்டு எங்கிருந்து வந்தது, இறந்தவனின் பெயரை எந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறார், தாளம் எங்கே விட்டுக்கொடுக்கிறது, எந்த வரி தேய்ந்தது, எந்த வரி அவருடையது, இன்னொரு பாடகரைவிட இவர் எதில் மேல், எதில் கீழ் என்று நம் பத்திரிகைகளில் எத்தனை கட்டுரை வந்திருக்கிறது? நாம் கானாவைப் பாராட்டுகிறோம், மதிப்பிடுவதில்லை. மதிப்பிடாமல் பாராட்டுவது ஒருவகைத் தர்மம் போடுவது.

ஃபூபாரைப் பற்றி முடிவாகச் சொல்ல வேண்டுமானால்: நல்ல பிளேயர். எழுதியவர் மூலநிரலைத் திறந்து வைக்கவில்லை, ஆகவே சுதந்திரம் என்றெல்லாம் அதன் தலையில் கிரீடம் வைக்க வேண்டாம். பழைய லேப்டாப் உள்ளவர்கள் தயங்காமல் உபயோகிக்கலாம். பாட்டு மட்டும் கேட்டால் போதும், வேறு கவலை வேண்டாம் என்பவர்களுக்கு அது சிரமம் கொடுக்கும்; கொடுக்க வேண்டும். தெரியாததைத் தெரிந்ததுபோல நிரப்பிக் கொடுக்காமல், வெற்றிடத்தை வெற்றிடமாகவே காட்டுகிறது என்பதுதான் நான் அதில் கண்ட பெரிய குணம். ஒரு விமர்சகனிடமும் நான் எதிர்பார்ப்பது அதுதான்.

38-இல் 26 பாட்டுக்குக் கேள்விக்குறி போய்விட்டது. மூன்றாவது குரலின் 12 பாட்டு பாக்கி. கொஞ்சம் மூக்கால் பாடும் குரல். வரி முடிவில் ஒரு சிரிப்பை அடக்கிக்கொள்வதுபோல நிறுத்தும். 1996 வாக்கில் தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கத்துச் சாவு வீடுகளில் பாடிக்கொண்டிருந்தவர்களை அறிந்த வாசகர் யாராவது இருந்தால், பத்திரிகை முகவரிக்கு ஒரு கார்டு போடலாம்.